ஏணியை உதைத்த வீரன்

பிறவியினால் உயர்வு தாழ்வு இல்லை என்று நாம் சொல்ல ஆரம்பித்தவுடனே, ஜாதிக்கு வக்காலத்து வாங்குகின்றவர்கள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கின்றார்கள். “திறமை உள்ளவனை எந்தப் பிறவி ஐயா தடுத்தது? இன்ன தேசத்திலே இன்னான் குடிசையிலே பிறந்து கோட்டையிலே ஏறவில்லையா? ஏறமாட்டாதவன்தானே பிறவியின் மேல் பழி போடுகின்றான்?” என்பதே அந்தப் பதில். கேட்பதற்கு இது வெகு நியாயம் போலத் தோன்றும். கேட்ட பாமர மக்களும், நமக்குத் திறமை இல்லை, அதனால்தான் கீழே கிடக்கின்றோம் என்று தங்களைத் தாங்களே நொந்துகொண்டு வாயை மூடிக்கொள்வார்கள். அப்படி மூடிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்தப் பதிலின் உள் எண்ணமுமாகும்.

இந்தப் பதிலுக்கு அழகான சாட்சியாகக் காட்டத் தகுந்த படம் ஒன்று ஜப்பான் தேசத்தில் உண்டு. அந்தப் படத்தையும், படத்தில் உள்ளவனுடைய முழுச் சரித்திரத்தையும் சேர்த்துப் பார்த்தால் சாட்சி எந்தப் பக்கம் பேசுகின்றது என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

படம்

ஜப்பானில் மரப்பலகையில் செதுக்கி அச்சடிக்கும் படங்கள் நெடுங்காலம் செல்வாக்காய் இருந்தன. சித்திரக்காரர் மெல்லிய காகிதத்தில் கோடு போட்டுக் கொடுப்பார். செதுக்குகின்றவர் அந்தக் காகிதத்தைச் செர்ரி மரப்பலகையின் மேல் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மாத்திரம் நிற்கவிட்டு மற்ற இடத்தைத் தோண்டி எடுப்பார். ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒவ்வொரு பலகை வேண்டும். அச்சடிக்கின்றவர் பலகையில் வர்ணம் தடவி, காகிதத்தை வைத்து, மேலே தேய்த்து எடுப்பார். இப்படி ஏராளமாக அடித்து மலிவாக விற்றதனால், அரண்மனைக்காரன் மாத்திரமல்லாமல் கடைக்காரனும் கூலிக்காரனும் வாங்கிப் பார்க்க முடிந்தது. ஆகவே இந்தப் படங்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் சரித்திரம் சொல்லிக்கொடுத்தன. எந்தச் சரித்திரத்தைச் சொல்லின, எதைச் சொல்லாமல் விட்டன என்பதே நமது கேள்வி.

சுகியோகா யோஷிதோஷி என்கின்ற சித்திரக்காரர் 1839-ல் பிறந்து 1892-ல் மாண்டவர். நிலாவை வைத்து நூறு படங்கள் கொண்ட வரிசை ஒன்றை 1885 முதல் தமது முடிவு காலம் வரையில் அவர் போட்டார். அதில் 1885-ல் வெளிவந்த ஒன்றுக்கு “இனாபா மலை நிலா” என்று பெயர். செங்குத்தான மலைப்பாறை. அதைப் பற்றிக்கொண்டு ஏறுகின்றான் ஒரு வாலிபன். அவனிடம் ஒரு சுரைக்குடுக்கை. பின்னால் பெரிய நிலா. இவ்வளவுதான் படம். பார்ப்பவனுக்கு மூச்சு முட்டும்படியாகவும், அடுத்த கையை அவன் எங்கே வைப்பானோ என்று தவிக்கும்படியாகவும் போடப்பட்டிருக்கின்றது. சித்திரக்காரரின் கைத்திறமையில் நமக்கு ஒரு ஆட்சேபணையும் கிடையாது.

ஏறுகின்றவன் யார்? பிற்காலத்தில் ஜப்பான் முழுவதையும் ஒரு குடையின் கீழ் ஆண்ட தொயொதோமி ஹிதேயோஷி. அப்போது அவன் ஓடா நொபுநாகா என்கின்ற படைப்பிரபுவிடம் ஊழியம் செய்துகொண்டிருந்த சிறிய ஆள். நொபுநாகா 1567-ல் மினோ நாட்டின் மேல் படையெடுத்து, சைத்தோ வம்சத்தாருடைய இனாபா மலைக்கோட்டையை முற்றுகை போட்டுப் பிடித்தான். இது சரித்திரம். கோட்டையின் பின்புறத்தில் ஒருவரும் ஏறமுடியாது என்று காவல் இல்லாமல் விடப்பட்டிருந்த பாறையில், ஹிதேயோஷி சிலரைக் கூட்டிக்கொண்டு இரவில் ஏறி, உள்ளே புகுந்து, சுரைக்குடுக்கையைக் கழியில் உயர்த்தி அடையாளம் காட்டினான் என்பதும், அன்று முதல் சுரைக்குடுக்கையே அவன் கொடியின் சின்னமாயிற்று என்பதும் பிற்காலத்துப் புத்தகங்கள் கட்டிய கதை. கதையாகவே இருக்கட்டும். அவன் நிஜமாகவே கீழிருந்து மேலே ஏறினவன் என்பதில் சந்தேகமில்லை.

ஏறியதும் ஏற்றப்பட்டதும்

ஹிதேயோஷி 1537-ல் ஓவாரி நாட்டில் நாகமுரா என்கின்ற கிராமத்தில் பிறந்தவன். தகப்பன் குடியானவன், பிரபு கூப்பிட்டபோது ஈட்டி தூக்கிக்கொண்டு போன கால்படைக்காரன். குடும்பத்துக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வம்சப் பெயர்கூடக் கிடையாது. அப்படிப்பட்டவன் நொபுநாகாவிடம் படிப்படியாக உயர்ந்தான். 1582-ல் நொபுநாகா தன் தளபதி ஒருவனாலேயே தாக்கப்பட்டு மாண்டபோது, அந்தத் தளபதியை முறியடித்து அதிகாரத்தைக் கைப்பற்றினான். 1590-க்குள் அவனுக்கு அடங்காத பிரபு ஜப்பானில் இல்லை.

தோழர்களே! இதற்கு என்ன அர்த்தம்? பிரபுவின் வயிற்றில் பிறந்தவர்களுக்கு மாத்திரமே ஆளத் தெரியும் என்று நூற்றுக்கணக்கான வருஷங்களாகச் சொல்லிவந்தது பச்சைப்பொய் என்றுதானே அர்த்தம்? ஒரு குடியானவன் பிள்ளை அத்தனை பிரபுக்களையும் மண்டியிட வைத்துவிட்டான் என்றால், அன்றே அந்தத் தேசத்து யோக்கியர்கள், “பிறவியில் ஒன்றும் இல்லை, நாங்கள் சொன்னது பொய்” என்று ஒப்புக்கொண்டிருக்க வேண்டுமல்லவா?

ஒப்புக்கொண்டார்களா? இல்லை. பொய்யை விடுவதற்குப் பதிலாக அவனுடைய பிறப்பையே மாற்றிவிட்டார்கள்!

சக்கரவர்த்திக்கு அடுத்த ஸ்தானமாகிய கம்பாக்கு என்னும் பட்டத்தைப் பெறுவதற்குப் புஜிவாரா வம்சத்துப் பிறப்பு வேண்டும் என்பது அந்தத் தேசத்துச் சம்பிரதாயம். நாட்டையே கையில் வைத்திருந்தவன் அந்தச் சம்பிரதாயத்தை ஒரு காலால் எட்டி உதைத்திருக்கலாம். என்ன செய்தான் தெரியுமா? 1585-ல் கொனோயே சகிஹிசா என்கின்ற மேல்குலத்துப் பிரபுவுக்குச் சுவீகாரப் பிள்ளையானான்! ஏறக்குறைய 50 வயதை எட்டப்போகின்றவன், மலை ஏறினவன், கோட்டை பிடித்தவன், இன்னொருவனுடைய தகப்பன் பெயரை இரவல் வாங்கிக்கொண்டு பட்டம் கட்டிக்கொண்டான். மறுவருஷம் தொயொதோமி என்று புதிய வம்சப் பெயரும் சக்கரவர்த்தியிடமிருந்து கிடைத்தது. ஈட்டி தூக்கின தகப்பன் என்ன ஆனான்? பெரிய மனிதனாகிவிட்ட பிள்ளைக்கு அவன் பெயரைச் சொல்ல வெட்கமாய்ப் போய்விட்டது.

அதோடும் நின்றதா? 1590-ல் கொரியா அரசனுக்கு எழுதின கடிதத்தில், தான் தாயின் வயிற்றில் தரித்தபோது சூரியனே வயிற்றில் புகுந்ததாகத் தாய் கனவு கண்டாள் என்று எழுதினான். ஆகவே சூரியன் பிரகாசிக்கின்ற இடமெல்லாம் தனக்குச் சொந்தம் என்பது அதன் கருத்து. பார்த்தீர்களா சங்கதியை! புராணம் என்பது ஆதிகாலத்தில் ரிஷிகள் ஞானதிருஷ்டியால் கண்டது என்கின்றார்களே, அது எப்படி உற்பத்தியாகின்றது என்பதை இந்தக் கடிதம் தேதியோடு காட்டிக்கொடுக்கின்றது. அதிகாரம் முதலில் வருகின்றது. வம்சம் பிறகு வருகின்றது. சூரியன் கடைசியில் வருகின்றான்.

இது ஜப்பானியனுக்கு மாத்திரம் உள்ள வியாதியல்ல. 1674-ல் ராய்கட்டில் சிவாஜி முடி சூட்டிக்கொள்ள நினைத்தபோது, அவன் க்ஷத்திரியன் அல்லன் என்று பார்ப்பனர்கள் ஆட்சேபித்தார்கள். பிறகு காசியிலிருந்து காகபட்டர் வந்தார். சிசோதியா ராஜபுத்திர வம்சம் கண்டுபிடிக்கப்பட்டது. பூணூல் போடப்பட்டது. முடியும் ஏறியது. கத்தியால் ராஜ்யம் பிடித்தவனும் தர்ப்பைப் புல்லுக்கு முன்னால் தலைகுனிந்துதான் ராஜா ஆகவேண்டியிருந்தது. இரண்டு தேசத்திலும் புரோகிதத் தந்திரம் ஒன்றுதான். கீழ்ப்பிறவிக்காரன் ஒருவன் தடுக்கமுடியாதபடி மேலே வந்துவிட்டானா? அவனை மேல்பிறவிக்காரன் என்று எழுதிவிடு. அப்போது அவன் ஒருவன் மாத்திரம் தப்பித்துக்கொள்வான். பிறவி வித்தியாசம் என்னும் சுவர் ஒரு கல்கூடப் பெயராமல் நிற்கும்.

ஏணி போன விதம்

இதுவரையில் சொன்னது அவன் தனக்குச் செய்துகொண்டது. இனி, தன்னைப்போலக் கிராமத்தில் பிறந்த மற்றவர்களுக்கு என்ன செய்தான் என்று பாருங்கள். படத்தில் இல்லாத பாகம் இதுதான்.

1588-ல் ஒரு உத்தரவு போட்டான். குடியானவர்கள் யாரும் வாள், கத்தி, வில், ஈட்டி, துப்பாக்கி எதையும் வைத்திருக்கக் கூடாது; எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ள வேண்டியது. ஏன்? ஆயுதம் இருந்தால் வரி கொடுக்கத் தகராறு செய்வார்கள், கலகம் செய்வார்கள் என்று அந்த உத்தரவே வெளிப்படையாகச் சொல்லுகின்றது. சரி, அதிகாரக்காரன் இதைச் சொல்லுவது ஆச்சரியமல்ல. அடுத்த ஷரத்துதான் விசேஷம். பிடுங்கின ஆயுதங்கள் வீணாகப் போகமாட்டாவாம். கியோட்டோ நகரத்தில் கட்டப்படுகின்ற மகா புத்தர் கோவிலுக்கு ஆணியாகவும் இரும்புக் கட்டாகவும் உருக்கப்படுமாம். ஆகையால் ஆயுதத்தைக் கொடுத்த குடியானவனுக்கு இகத்திலும் பரத்திலும் நன்மையாம்! மூன்றாவது ஷரத்து, மண்வெட்டியை மாத்திரம் வைத்துக்கொண்டு உழுதுகொண்டே இருந்தால் பிள்ளை, பேரன் காலம் வரையில் க்ஷேமமாய் இருக்கலாம் என்று உபதேசம் செய்கின்றது.

பிடுங்குகின்றவன் வெறும் கையோடு வந்தால் எவனும் எதிர்த்து நிற்பான். கையில் ஒரு சாமியைப் பிடித்துக்கொண்டு வந்தால், பறிகொடுத்தவனே புண்ணியம் கிடைத்தது என்று கும்பிட்டு அனுப்புவான். கடவுளால் உலகத்துக்கு என்ன உபயோகம் என்று கேட்கின்றவர்களுக்கு இந்த உத்தரவு ஒன்றே போதுமான பதிலாகும்.

1591-ல் மற்றொரு உத்தரவு. படைச் சேவகனாய் இருக்கின்றவன் குடியானவனாகவோ பட்டணத்து வியாபாரியாகவோ மாறக் கூடாது. குடியானவன் நிலத்தை விட்டுவிட்டு வியாபாரத்துக்கோ கூலி வேலைக்கோ போகக் கூடாது. மீறுகின்றவனை வைத்துக்கொள்ளும் ஊரும் தண்டிக்கப்படும். இதற்குள் நாடு முழுவதும் நிலம் அளக்கப்பட்டு, எந்த வயலை எவன் உழுகின்றான், எவ்வளவு நெல் விளையும் என்று கணக்கும் எழுதப்பட்டுவந்தது. அதாவது உழுகின்றவன் உழுதுகொண்டே இருக்கவேண்டும். ஆளுகின்றவன் ஆண்டுகொண்டே இருக்கவேண்டும். எழுதின கணக்கு மாறக் கூடாது. பின்னால் வந்த தோக்குகாவா வம்சத்தார் 250 வருஷங்களுக்கு மேல் கட்டிக்காத்த பிறவிப் பிரிவினைக்கு அஸ்திவாரம் போட்டவை இந்த உத்தரவுகளே.

இப்பொழுது அந்தப் படத்தை மறுபடியும் பாருங்கள். 1567-ல் இந்த உத்தரவுகள் இருந்திருந்தால், பாறையில் ஏறின அந்த வாலிபன் எங்கே இருந்திருப்பான்? நாகமுரா கிராமத்திலே சேற்றிலே நின்றுகொண்டிருப்பான். கத்தியைத் தொட்டிருந்தால் குற்றவாளி. ஊரைவிட்டுப் போயிருந்தால் ஓடிப்போன குடியானவன். தான் எந்தப் பாறையில் ஏறினானோ, அந்தப் பாறையில் இனி எவனும் கால் வைக்காதபடி செய்தவன் அவனே. மேல்குலத்தான் செய்திருந்தால் அது வெறும் கொடுமை. ஏறினவனே செய்ததனால் கொடுமையும் துரோகமும் சேர்ந்தது. ஏறிவந்த ஏணியை எட்டி உதைப்பது என்று நாம் பழமொழியாகச் சொல்லுவதை அந்தத் தேசத்தில் சட்டமாகவே எழுதிவிட்டார்கள்.

ஆகவே, “குடிசையில் பிறந்தவன் கோட்டையில் ஏறவில்லையா?” என்று கேட்பவர்களை நாம் திருப்பிக் கேட்கின்றோம்: ஏறினவன் ஒருவன், சரி. அவனுக்குப் பின்னால் ஏணி இருந்ததா? ஒருவன் ஏறினதைக் காட்டி ஒரு லக்ஷம் பேர் ஏறமுடியாததை நியாயம் என்று சொல்லுவது எந்த ஊர் நியாயம்?

ஆணி வாங்கின சாமியின் கதி

நிற்க, குடியானவனுடைய வாளை ஆணியாக வாங்கிக்கொண்ட அந்த மகா புத்தர் என்ன ஆனார் என்பதையும் பார்ப்போம். ஹோக்கோஜி என்பது அந்தக் கோவிலின் பெயர். 1586-ல் ஆரம்பித்துப் பெருஞ்செலவில் மண்டபமும், அதற்குள் பிரம்மாண்டமான மரப் புத்தரும் முடிந்தன. 1596-ல் பூகம்பம் வந்தது. இகபர சுகம் கொடுக்கவேண்டிய சிலை இடிந்து நொறுங்கிவிட்டது. ஹிதேயோஷி வந்து பார்த்துக் கோபங்கொண்டு, தன்னையே காப்பாற்றிக்கொள்ள முடியாத நீ நாட்டை எங்கே காப்பாற்றப் போகின்றாய் என்ற கருத்தில் திட்டிச் சிலையின் மேல் அம்பு எய்தான் என்று சொல்லப்படுகின்றது. இதை நாம் சொன்னால் நாஸ்திகன் என்று கல்லெறிவார்கள். சொன்னவன் கோவில் கட்டினவன்!

ஆனால் அவனுக்குப் பகுத்தறிவு உதயமாகிவிட்டது என்று வாசகர்கள் சந்தோஷப்பட வேண்டாம். உடைந்த சாமிக்குப் பதிலாக வேறு சாமி தேடினான். ஜென்கோஜி கோவிலில் ஒரு புத்த விக்கிரகம் இருந்தது. இந்தியாவில் செய்யப்பட்டுக் கொரியா வழியாக வந்தது என்று அதற்கு ஸ்தல புராணம். மகா சக்தி வாய்ந்தது என்று பெயர் பெற்ற இந்த விக்கிரகத்தை 1555-ல் தாக்கெதா ஷிங்கென் என்கின்ற பிரபு யுத்தத்தின் இடையே எடுத்துக்கொண்டு போனான். அதன் பிறகு ஜெயித்தவன் ஒவ்வொருவன் கைக்கும் அது மாறிக்கொண்டே இருந்தது. 1597-ல் ஹிதேயோஷி அதைக் கியோட்டோவுக்குக் கொண்டுவந்து மகா புத்தர் இருந்த இடத்தில் வைத்தான். மறுவருஷம் வியாதியில் விழுந்தான். சாமி கோபம் என்று எல்லோரும் சொல்லவே, விக்கிரகத்தைச் சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அனுப்பின மறுநாள் அவன் செத்தான். வந்தபோதும் காப்பாற்றவில்லை, போனபோதும் காப்பாற்றவில்லை. யார் தூக்கினாலும் மூட்டையைப்போலக் கூடவே போன சாமிக்கு ஒரு மனிதனுடைய வியாதியைக் கொண்டுவரவும் சக்தி ஏது, போக்கவும் சக்தி ஏது?

மூக்குக் குவியல்

சூரியன் மகனுக்கு ஜப்பான் போதவில்லை. சீனாவையே பிடிக்கவேண்டும், அதற்குக் கொரியா வழிவிட வேண்டும் என்று 1592-ல் ஒன்றரை லக்ஷத்துக்கு மேற்பட்ட படையைக் கடல் தாண்டி அனுப்பினான். 1597-ல் மறுபடியும் பெரும் படை போயிற்று. அவன் தான் மாத்திரம் கடலைத் தாண்டவேயில்லை. இளமையில் பாறை ஏறினவன் முதுமையில் மெத்தையில் இருந்துகொண்டே பிறத்தியானைப் பாறைக்கு அனுப்பினான். கடலோரத்துச் செம்படவர்கள் படகு தள்ளப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். குடியானவர்கள் மூட்டை சுமக்க ஓட்டப்பட்டார்கள். கத்தி வைத்திருக்க யோக்கியதை இல்லை என்று ஒதுக்கப்பட்டவனுக்குச் சாவதற்கு மாத்திரம் யோக்கியதை இருந்தது.

கொரியா மக்கள் பட்டதைச் சொல்லி முடியாது. கொன்றவர்களின் எண்ணிக்கைக்கு ஆதாரமாகத் தலையைக் கொண்டுவருவது வழக்கம். கடல் தாண்டித் தலையைக் கொண்டுவருவது பாரம் என்று மூக்கை அறுத்து, உப்புப் போட்டு, பீப்பாய்களில் அடைத்து அனுப்பினார்கள். இத்தனை மூக்கு வரப்பெற்றோம் என்று அதிகாரிகள் கொடுத்த ரசீதுகள் இன்றும் இருக்கின்றன. பல்லாயிரக்கணக்கான அந்த மூக்குகளை 1597-ல் கியோட்டோவில் புதைத்து மேடு எழுப்பினார்கள். எங்கே தெரியுமா? மகா புத்தர் கோவிலுக்கு முன்னாலேயே! பிக்ஷுக்களைக் கூட்டி, செத்தவர்களின் ஆத்மா சாந்தியடைய மந்திரமும் ஓதினார்கள். காது மேடு என்று பெயர் கொடுத்திருக்கும் அந்த மண் குவியல் இன்றும் அங்கே இருக்கின்றது.

கொல்லாமையைப் போதித்த புத்தர் பெயரில் கோவில். அதன் வாசலில் அறுத்த மூக்கு. அதற்கு மந்திரம் ஓதப் பிக்ஷு. இதில் எந்த ஒன்றையாவது மதம் தடுத்ததா என்று கேட்கின்றோம். மதம் செய்ததெல்லாம் வாளைப் பிடுங்கும்போது புண்ணியம் சொன்னதும், மூக்கை அறுத்தபின் மந்திரம் சொன்னதுமேயாகும். 1598-ல் ஹிதேயோஷி செத்ததும் படை திரும்பிற்று. கொரியா பாழாயிற்று, ஒரு அடி நிலமும் மிஞ்சவில்லை.

உத்தரவினால் கடவுள்

செத்தவன் சும்மா இருந்தானா? இல்லை, கடவுளானான். 1599-ல் சக்கரவர்த்தியின் சபை, தொயொகுனி மகா தெய்வம் என்று அவனுக்குப் பட்டம் கொடுத்தது. கோவில் கட்டினார்கள், பூஜை நடந்தது, திருவிழா நடந்தது.

அவன் மகன் ஹிதேயோரி, இடிந்துபோன மகா புத்தரைத் திரும்பக் கட்டி, 1614-ல் ஒரு பெரிய மணியும் வார்த்து வைத்தான். அந்த மணியில் நாட்டுக்கு க்ஷேமம் கோரும் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அதிகாரத்தைக் கைப்பற்றிவிட்ட தோக்குகாவா இயெயாசு, அந்த எழுத்துக்களில் தன் பெயரின் இரண்டு எழுத்துக்களுக்கு நடுவே வேறொரு எழுத்து புகுந்திருக்கின்றது, ஆகையால் தன்னை இரண்டாக வெட்டும்படி சாபம் போட்டிருக்கின்றார்கள் என்று சண்டைக்கு வந்தான். 1615-ல் ஒசாக்கா கோட்டை விழுந்தது. ஹிதேயோரியும் அவன் தாயும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 8 வயதுப் பேரப்பிள்ளையைக் கியோட்டோ ஆற்றங்கரையில் தலையை வெட்டினார்கள். தகப்பன் கடவுளாக உட்கார்ந்திருந்த அதே ஊரில்! பேரனைக் காப்பாற்ற முடியாத கடவுள் யாரைக் காப்பாற்றுவான்?

அதே வருஷம் தோக்குகாவா சர்க்கார் அந்தத் தெய்வப் பட்டத்தையும் ரத்து செய்தது. தாசில்தாரைத் தள்ளுவதுபோலக் கடவுளைத் தள்ளிவிட்டார்கள்! தள்ளின இயெயாசு 1616-ல் செத்தான். 1617-ல் அவனுக்குத் தெய்வப் பட்டம் கிடைத்தது. பிறகு 1868-ல் தோக்குகாவா ஆட்சி ஒழிந்து மெய்ஜி சக்கரவர்த்தியின் சர்க்கார் வந்தது. தோக்குகாவாவுக்கு விரோதி நமக்கு வேண்டியவன் என்ற கணக்கில் ஹிதேயோஷிக்கு மறுபடியும் தெய்வ உத்தியோகம் கொடுத்தார்கள். 1880-ல் மகா புத்தர் கோவில் இருந்த இடத்திலேயே அவனுக்குப் புதுக் கோவில் எழும்பிற்று. இன்று அந்தக் கோவிலிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் மூக்கு மேடு இருக்கின்றது.

கடவுள் அநாதி, நித்தியர், மனிதனால் உண்டாக்கப்படாதவர் என்று பிரசங்கம் செய்கின்றவர்கள் இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கட்டும். 1599-ல் நியமனம், 1615-ல் தள்ளுபடி, 1868-ல் மறு நியமனம். சர்க்கார் மாறினால் மாறுகின்ற வஸ்துவுக்குக் கடவுள் என்று பெயரா?

படம் எப்போது வந்தது?

இப்பொழுதுதான் வாசகர்களுக்கு அந்தப் படம் 1885-ல் ஏன் வந்தது என்பது விளங்கும். தோக்குகாவா காலத்தில் இப்படிப்பட்ட படங்களுக்குத் தடை இருந்தது. உத்தாமாரோ என்கின்ற பெரிய சித்திரக்காரர், ஹிதேயோஷி தன் மனைவிமாரோடு செர்ரிப்பூ பார்ப்பதாக ஒரு படம் போட்டார். அதற்காக 1804-ல் அவரைப் பிடித்து 50 நாள் கைவிலங்கு போட்டு வைத்தார்கள். 1806-ல் அவர் காலமானார். பின்னால் வந்த சித்திரக்காரர்கள் ஹிதேயோஷியின் பெயரைக் கொஞ்சம் மாற்றி, ஹிசயோஷி என்று எழுதித் தப்பித்துக்கொண்டார்கள். பாடுபட்டுப் படம் போட்டவருக்கு விலங்கு, மூக்கறுத்தவனுக்குக் கோவில். இதுதான் அந்த உலகத்து நீதி.

மெய்ஜி காலத்தில் காற்று திரும்பியது. ஹிதேயோஷி மாவீரன் ஆனான். யோஷிதோஷி எந்த எண்ணத்தோடு படம் போட்டாரோ, அவரை நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் தாழ்ந்த நிலையிலிருந்து ஏறுகின்ற அழகான வாலிபனை மாத்திரம் நிலா வெளிச்சத்தில் காட்டிவிட்டால், வாள் பறிகொடுத்த குடியானவனும் மூக்கறுபட்ட கொரியாக்காரனும் இருட்டிலேயே இருந்துவிடுகின்றார்கள். அதன் பலன் என்ன ஆயிற்று? 1910-ல் ஜப்பான் கொரியாவைத் தன்னோடு சேர்த்து விழுங்கியபோது, அங்கே தலைமை அதிகாரியாய் இருந்த தெராவுச்சி, ஹிதேயோஷியின் தளபதிகளை நினைத்து, அந்த இரவின் நிலாவை வைத்தே பாட்டுக் கட்டி மகிழ்ந்தான். 300 வருஷத்துப் பழைய வெறி புதிய வெறிக்குப் பாட்டனாயிற்று.

ஏணி கேட்டவர்கள்

இவ்வளவும் சொன்னபின், கீழே கிடப்பவன் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். அதற்கும் அதே கியோட்டோ நகரமே பதில் சொல்லுகின்றது.

தோல் வேலை, பிணம் அகற்றும் வேலை முதலியவை செய்தவர்களை அந்தத் தேசத்தில் தீண்டத்தகாதவர்களாக ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1871-ல் சர்க்கார் அந்த இழிபெயர்களை உத்தரவு போட்டு நீக்கிற்று. காகிதத்தில் நீங்கிற்றே ஒழிய, பெண் கொடுப்பதிலும் வேலை கொடுப்பதிலும் பள்ளிக்கூடத்திலும் இழிவு அப்படியே இருந்தது. 1922 மார்ச் 3-ந் தேதி அவர்கள் கியோட்டோவில் கூடி, சுயிஹெய்ஷா, அதாவது சமத்துவச் சங்கம் என்ற பெயரில் ஒரு சங்கம் கண்டார்கள்.

அவர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். எங்களுக்கும் ஒரு புஜிவாரா வம்சம் கொடுங்கள் என்று கேட்டார்களா? எங்கள் தாய் வயிற்றிலும் சூரியன் புகுந்தான் என்று எழுதினார்களா? இல்லை. எந்தப் பெயரைச் சொல்லி எங்களை இழிவு செய்தீர்களோ, அந்தப் பெயரையே தலைநிமிர்ந்து சொல்லும் காலம் வந்துவிட்டது என்று பிரகடனம் செய்தார்கள். எங்கள் விடுதலையை எங்கள் கையாலேயே தேடிக்கொள்ளுவோம், பிறருடைய இரக்கம் வேண்டாம் என்றார்கள். அதோடு, தங்களிடம் தலைமுறை தலைமுறையாகக் காணிக்கை வாங்கிக்கொண்டு இழிவைப் பார்த்துக்கொண்டிருந்த ஹொங்கான்ஜி மடங்கள் இரண்டுக்கும், இனி 20 வருஷத்துக்கு எங்களிடம் வசூலுக்கு வராதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இதற்குப் பெயர்தான் சுயமரியாதை. ஹிதேயோஷி மேலே ஏறினான். ஆனால் ஏறின பிறகு தன் தகப்பனைக் கண்டு வெட்கப்பட்டான். இவர்கள் கீழே நின்றார்கள். ஆனால் தங்கள் தகப்பனைக் கண்டு வெட்கப்படவில்லை. அவன் ஒருவன் தப்பித்துக்கொண்டு வழியை அடைத்தான். இவர்கள் எல்லோருக்குமாக வழியைத் திறக்கச் சொன்னார்கள். இவ்விருவரில் யார் பெரியவன் என்பதை அறிவுள்ளவர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

ஆகவே தோழர்களே! இனி எவனாவது ஒருவன் ஏறினவன் படத்தை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டி, பார் திறமையை, பார் கடவுள் அருளை என்று சொன்னால், மயங்கிவிடாதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். ஏறினவன் தன் தகப்பன் பெயரைச் சொன்னானா? ஏறின ஏணியை அங்கேயே விட்டுவைத்தானா? அவன் கையில் இருக்கும் சாமி யாருடைய பொருளைப் பிடுங்கிச் செய்யப்பட்டது? இந்த மூன்றுக்கும் நேரான பதில் வராத வரையில், அந்த வீரன் மலை உச்சியில் நின்றாலும் நிலாவில் நின்றாலும் நமக்கு அவன் தலைவனல்லன். நமக்கு வேண்டியது உச்சியில் ஒரு வீரன் அல்ல. ஒவ்வொரு குடிசைக்கு முன்னாலும் யாராலும் உதைத்துத் தள்ள முடியாத ஒரு ஏணி.